எலும்பின் பெயரால் ஒரு புரதம்

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், 1965இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். எலும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச் சத்தை நீக்கி, எஞ்சிய மென்கூற்றை முயல், எலி முதலியவற்றின் தசைக்குள் அவர் வைத்தார். சில வாரங்களில், எலும்புக்கு இடமே இல்லாத தசையின் நடுவே, முதலில் குருத்தெலும்பும் பின்னர் எலும்பும் தோன்றின. வைத்த துண்டில் உயிருள்ள செல்கள் இல்லை. ஆகவே அதைக் கட்டியவை அவ்விலங்கின் சொந்தச் செல்களே. ஏதோ ஒன்று அவற்றுக்கு ஆணையிட்டிருக்க வேண்டும்.

அந்த ‘ஏதோ ஒன்று’க்கு 1971இல் யூரிஸ்டும் ஸ்ட்ரேட்ஸும் ‘எலும்பு வடிவாக்கப் புரதம்’ எனப் பெயரிட்டனர். சுருக்கமாக பி.எம்.பி. அதைத் தூய நிலையில் அதுவரை எவரும் பிரித்தெடுத்ததில்லை. பொருள் கைக்கு வருமுன் பெயர் வந்துவிட்டது. (ஜீன் என்ற சொல்லுக்கும் இதே வரலாறுதான்.)

பெயருக்குரிய பொருளைத் தேடியவர்களுள் முதன்மையானவர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ஹரி ரெட்டி. 1981இல் சம்பத்தும் அவரும் எலும்பின் மென்கூற்றைக் கரையும் பகுதி, கரையாத பகுதி என இரண்டாகப் பிரித்தனர். தனித்தனியே வைத்தபோது இரண்டுமே எலும்பை உண்டாக்கவில்லை. மீண்டும் சேர்த்து வைத்தபோது உண்டாக்கின. ஆணையிடும் புரதம் மட்டும் போதாது, அதைத் தாங்கி நிறுத்தும் சாரமும் வேண்டும் என்பது இதனால் விளங்கியது. இன்றுவரை அறுவை அரங்கில் இப்புரதம் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்தே பொருத்தப்படுகிறது.

1988இல் ஜான் வோஸ்னியின் குழு இப்புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுத்தது. பெயரின் சிக்கலும் அத்துடன் தொடங்கியது. பி.எம்.பி.–1 என எண்ணிடப்பட்டது அக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. கொலாஜனின் முன்வடிவை வெட்டும் நொதி அது என்று 1996இல் தெரியவந்தது. பி.எம்.பி.–2இன் நெருங்கிய உறவோ பழ ஈயில் இருந்தது. ஈக்கு எலும்பு ஏது? அங்கே அப்புரதம் கருவின் முதுகுப்புறத்தை வகுக்கிறது, இறக்கையை வடிவமைக்கிறது. ஆயினும் 1993இல் ஈயின் புரதத்தை எலியில் வைத்தபோது எலும்பு வளர்ந்தது. ஆணை பழையது, பொதுவானது. எலும்பு அதன் பல விளைவுகளுள் ஒன்று. பெயர் காட்டியது, அது முதலில் அகப்பட்ட இடத்தை மட்டுமே.

மருத்துவம் அப்பெயரை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது. 2002இல் இடுப்பு முதுகெலும்பு இணைப்புக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பி.எம்.பி.–2ஐ ஏற்றது. இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுக்கும் வலி நோயாளிக்கு மிச்சமாயிற்று. ஆனால் உடலில் நுண்ணளவில் சுரப்பது மில்லிகிராம் கணக்கில் வைக்கப்பட்டது. கழுத்து அறுவையில் அனுமதியின்றிப் பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைபட்டதாக அந்நிர்வாகம் 2008இல் எச்சரித்தது. நிறுவன நிதியில் நடந்த 13 ஆய்வுகள், 780 நோயாளிகளில் இப்புரதத்தால் ஒரு தீங்குகூட நேரவில்லை எனக் கூறியிருந்ததை 2011இல் ‘ஸ்பைன் ஜர்னல்’ மறுத்தது. யேல் பல்கலைக்கழக ஏற்பாட்டில் 2013இல் வெளிவந்த இரு தனி மறுஆய்வுகள், சொந்த எலும்பு ஒட்டைவிட இது குறிப்பிடத்தக்க மேன்மை தரவில்லை என்றன.

‘போன்’ என்பதற்குப் பதில் ‘பாடி’, அதாவது ‘உடல் வடிவாக்கப் புரதங்கள்’ என அழைக்கலாம் என ரெட்டி 2005இலேயே முன்மொழிந்திருந்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. சுருக்கத்தை மாற்ற வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ஆயினும் மருந்துப் பெட்டிகளில் எலும்பே நிலைத்துவிட்டது.