கண்ணைப் பழக்கிய படிகள்

பதினான்காம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் இத்தாலியில் வாழ்ந்த சென்னினோ சென்னினி என்ற சித்திரக்காரர், தம் தொழிலின் நுட்பங்களையெல்லாம் ஒரு நூலாக எழுதிவைத்தபோது, வரையக் கற்றுக்கொள்ள வரும் சிறுவன் முதலில் என்ன செய்யவேண்டும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கும் கோழியின் தொடையெலும்பையும் சிறகெலும்பையும் பொறுக்கியெடுத்து, நன்றாக வெளுக்கும்வரை நெருப்பிலிட்டு, மாவாக அரைத்து, அந்த மாவைத் தன் எச்சிலில் குழைத்து ஒரு சிறிய மரப்பலகையின்மேல் பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளி முனை கொண்ட கோலால் வரைந்து பழகவேண்டும். இப்படி ஓராண்டு. அதன்பின் குருவின் பட்டறையில் வர்ணம் அரைப்பதும் பசை காய்ச்சுவதுமாக ஆறாண்டு. அதற்கும் மேல் வர்ணம் தீட்டும் பழக்கத்தில் ஆறாண்டு. பண்டிகை நாளென்றும் வேலை நாளென்றும் பாராமல் வரைவது மட்டும் ஒருநாளும் நிற்கக் கூடாது. ஆக மொத்தம் 13 ஆண்டுகள். ஒரு மாம்பழத்தை வரையப் போய் அது உருளைக்கிழங்காக முடிந்துவிட்ட துக்கத்தில், தமக்கு இந்த வித்தை வாய்க்கவில்லை என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் சென்னினியின் கணக்கைக் கேட்டால் திகைத்துப்போவார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் கணக்கில் ஓர் ஆறுதலும் உண்டு. தச்சு வேலையையும் கொல்லு வேலையையும் போல, தத்ரூபமாக வரைவதும் காலமும் உழைப்பும் கொடுத்து வாங்கிக்கொள்ளத்தக்க ஒரு தொழிலாகவே அந்தப் பட்டறையில் மதிக்கப்பட்டது.

கற்கத் தொடங்குகிறவனுடைய இடையூறு கையில் இருப்பதாகவே பெரும்பாலும் நினைக்கிறார்கள். தன் கையெழுத்தை ஒழுங்காகப் போடத் தெரிந்த கைக்கு ஒரு மூக்கின் கோட்டை இழுப்பது அசாத்தியமான காரியமாகாது. இடையூறு கண்ணுக்கும் மனத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேசையின் மேற்பலகை நாற்கோணம் என்று மனத்துக்குத் தெரியும். ஆகையால் எதிரே குறுகிச் சாய்ந்து தோன்றும் மேசையையும் அது நாற்கோணமாகவே வரையச் சொல்கிறது. கண்ணென்றால் இப்படி, காதென்றால் இப்படி என்று இளமையிலேயே மனத்தில் படிந்துவிட்ட சின்னங்கள், எதிரில் அமர்ந்திருக்கும் மனிதருடைய கண்ணையும் காதையும் பார்க்கவொட்டாமல் தடுக்கின்றன. ஐரோப்பாவில் சித்திரம் பயிற்றிய முறைகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், மனத்தின் இந்தப் பொய்ச்சாட்சியத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணின் சாட்சியத்தைப் பெறுவதற்கு மனிதர்கள் செய்துபார்த்த உபாயங்களின் சரித்திரமே அது என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியரான ஆல்பெர்ட்டி ஓவியத்தைப் பற்றி 1435-இல் எழுதிய நூலில், பொருளுக்கும் கண்ணுக்கும் இடையே, தடித்த இழைகளால் கட்டம் பிரித்த மெல்லிய துணித்திரை ஒன்றை நிறுத்தி, எந்தக் கட்டத்தில் எந்த விளிம்பு விழுகிறதோ அந்தக் கட்டத்தில் அதைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஜெர்மானியரான டியூரர், 1525-இல் வெளிவந்த தம் அளவை நூலில், சுவரிலிருந்து இழுத்துக் கட்டிய நூலின் உதவியால் லூட் என்னும் நரம்பு வாத்தியத்தின் உருவத்தைப் புள்ளி புள்ளியாகச் சட்டத்தினூடே அளந்து எடுக்கும் இருவரை மரச்செதுக்குப் படமாகவே காட்டிவிட்டார்.

பட்டறையில் வளர்ந்த வித்தை நாளடைவில் கலாசாலைக்குக் குடிபெயர்ந்தது. ஓவியர் வசாரியின் முயற்சியால் 1563-இல் பிளாரன்ஸிலும், 1648-இல் பாரிஸிலும், 1768-இல் லண்டனிலும் ஓவியக் கழகங்கள் ஸ்தாபிக்கப்பட்டன. அவற்றில் மூன்று படிகள் கொண்ட ஒரு பாடமுறை மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. மாணாக்கன் முதலில் தேர்ந்த கைகள் வரைந்த படங்களையும் அச்சுப் படங்களையும் பார்த்து எழுதவேண்டும். அது கைவந்தபின் கிரேக்க ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து எழுதவேண்டும். அதன்பிறகே உயிருள்ள மனிதரை எதிரில் வைத்து வரையலாம். இந்த வரிசையைப் பிற்காலத்தார் பரிகசித்த அளவுக்கு அது அறிவற்றதாக இருக்கவில்லை. திரண்ட உருவத்தைத் தட்டையான தாளுக்கு இறக்கும் கஷ்டமான வேலையை முதற்படியில் வேறொருவர் முன்பே செய்து முடித்திருக்கிறார். இரண்டாம் படியில் அந்த வேலை மாணாக்கன் தலையில் விழுந்தாலும், வார்ப்பு அசையாது, களைக்காது, வெண்ணிறமாக இருப்பதால் நிழலின் தாரதம்மியத்தைத் தெளிவாகக் காட்டும்.

ஆனால் படிகள் இருந்த இடத்திலெல்லாம் காவலும் இருந்தது. லண்டன் கழகத்தில் 1789-இல் பதினான்கு வயதில் சேர்ந்த, பின்னாளில் பெரும் ஓவியரான டர்னர், 1792 வரையில் வார்ப்புக் கூடத்திலேயே காத்திருக்க நேர்ந்தது. பாரிஸின் அரசாங்கக் கலைப் பள்ளி நடத்திய நுழைவுத் தேர்வில் மூன்று முறை தவறிய இளைஞனுக்கு, பின்னாளில் சிற்பியாகப் புகழ்பெற்ற அவனுக்கு, ரோடின் என்று பெயர். பெண்களுக்கோ கதவே திறக்கவில்லை. 1860-இல் லாரா ஹெர்போர்டு என்ற பெண்மணி பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டுத் தம் சித்திரங்களை அனுப்பியதால், ஆண்பிள்ளை என்று எண்ணி லண்டன் கழகத்தார் இடம் கொடுத்துவிட்டார்கள். அப்படி உள்ளே வந்த பெண்களும் உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைவதற்கு, அதுவும் ஆடை சுற்றிய மாதிரியைப் பார்த்து வரைவதற்கு, 1893 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வித்தைக்கு வியாபாரத்தின் அக்கறையும் வந்து சேர்ந்தது. 1851-இல் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சி, துணியிலும் பாத்திரத்திலும் நாற்காலியிலும் எந்தத் தேசத்துக் கைவேலை அழகாயிருக்கிறது என்ற போட்டியை வெளிப்படையாக்கிவிட்டதால், தொழிலாளிக்கு வரையத் தெரியவேண்டும் என்பது அரசாங்கங்களின் கவலையாயிற்று. ஆங்கிலேயர்கள் சௌத் கென்சிங்டனிலிருந்து நாடு முழுவதற்கும் 23 நிலைகள் கொண்ட ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார்கள். பரிசுக்கும் தேர்ச்சிக்கும் ஆசைப்பட்ட மாணாக்கர்கள், ஒரே ஒரு வார்ப்புச் சிலையின் படத்தை மாதக்கணக்கில் எதிரே வைத்துக்கொண்டு, சுண்ணக்கோலால் புள்ளி புள்ளியாக நிழல் ஏற்றுவதும் ரொட்டித் துணுக்கால் ஒற்றியெடுப்பதுமாகப் பொழுதைக் கழித்தார்கள். இந்த இயந்திரத் தன்மையைக் கண்டு மனம் புழுங்கிய கலை விமர்சகர் ரஸ்கின், 1854 முதல் லண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் தாமே சித்திரம் கற்பித்தார். 1857-இல் ஆரம்ப மாணாக்கருக்கென்று ஒரு நூலும் எழுதினார். அதில் அவர் இடும் முதல் அப்பியாசம், ஒரு சிறு சதுரத்தைப் பேனாக் கோடுகளால் சீரான சாம்பல் நிறமாக நிரப்புவது. பிறகு தெருவில் கிடக்கும் உருண்டையான கல் ஒன்றை எடுத்துவைத்து அதன் நிழலை எழுதுவது. இயற்கையில் எல்லைக்கோடு என்பதே கிடையாது, நிறத் திட்டுகளே உண்டு என்பது அவர் சித்தாந்தம். அரசாங்கத் திட்டத்தைவிட இது உயர்ந்ததென்றே சொல்வேன். எனினும் கல்லை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு, தான் எழுதியது எங்கே பிழைத்தது என்று காட்டித்தர அருகில் ஒரு ரஸ்கின் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குறையைத் தாளிலேயே தீர்க்கப் பார்த்தார்கள். ஷார்ல் பார்க் என்ற கல்லச்சு ஓவியர், அக்காலத்தில் பெரும் புகழோடிருந்த ஓவியர் ஜெரோமின் துணையோடு தயாரிக்க, கூப்பில் என்னும் கலை வியாபார நிறுவனம் 1860-களின் பிற்பகுதியிலிருந்து 1871 வரையில் பிரசுரித்த சித்திரப் பாடத்தில் 197 பெரிய தாள்கள் இருந்தன. முதற்பகுதியின் 70 தாள்கள் வார்ப்புகளைப் பற்றியவை. நடுப்பகுதியின் 67 தாள்கள் பழைய ஓவியர்களின் படைப்புகளைப் பார்த்து எழுதியவை. கடைசிப் பகுதியின் 60 தாள்கள் கரிக்கோலால் மனித உருவத்தை எழுதும் பயிற்சிகள். ஒரு கண், ஒரு காது, ஒரு பாதம் என்று தொடங்கி முழு உடலுக்கு ஏறிச் செல்லும் முதற்பகுதியில் பல தாள்களின் ஒரு பக்கத்தில் நிழலோடு முடிந்த உருவமும், மறுபக்கத்தில் அதே உருவத்தை நேர்கோடுகளால் மட்டும் வளைத்துக் கட்டிய வரைவும் இருக்கும். வளைவை எடுத்த எடுப்பில் வளைவாக இழுக்க முயலாமல், அதன் திருப்பங்களில் புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்து, கோணங்களைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அப்புறம் மூலைகளை மழுக்குவது இந்த முறையின் உயிர்நாடி. நம் வீட்டுப் பெண்கள் சிக்குக் கோலத்துக்கு முதலில் புள்ளி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தோன்றாது. அடுத்து நிழல் முடியும் எல்லையைக் குறித்து, நிழல் பாகம் முழுவதையும் ஒரே கருமையாக நிரப்பி, கடைசியில் இடைப்பட்ட சாயல்களுக்கு வருவார்கள். பிழை நேர்ந்தால் அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், குரு வேண்டியதில்லை.

குரு இல்லாத ஒருவர் கையில் அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்த கதை தனியே சொல்லத்தக்கது. கூப்பில் நிறுவனத்திலேயே ஹேக், லண்டன், பாரிஸ் கிளைகளில் குமாஸ்தாவாக இருந்து 1876-இல் வேலை இழந்த வின்சென்ட் வான்கோ, பிறகு பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிப் பிரதேசத்தில் சுரங்கத் தொழிலாளர்களிடையே உபதேசியாராகப் போய், அங்கும் சபையாரால் விலக்கப்பட்டு, குடும்பத்தாருக்குப் பாரமாகவும் தமக்கே புதிராகவும் குவெம் என்ற ஊரில் தங்கியிருந்தார். 1880-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 27 வயதில், சித்திரக்காரனாவதென்று தீர்மானித்த அவர் செய்த முதல் காரியம், கூப்பிலின் ஹேக் கிளைத் தலைவரான டெர்ஸ்டேகுக்குக் கடிதம் எழுதிப் பார்கின் தாள்களை இரவல் கேட்டதுதான். வேலையிலிருந்து நீக்கிய நிறுவனத்தின் பிரசுரமே பாடநூலாக வந்து சேர்ந்தது. தம்பி தியோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் இடுக்கமான வீட்டில் உட்கார்ந்து காலைமுதல் மாலைவரை ஒவ்வொரு தாளாக எழுதி முடித்துக்கொண்டிருந்த செய்தியைக் காணலாம். கரிக்கோல் பயிற்சியின் 60 தாள்களையும் அவர் ஒருமுறைக்கு மேல் எழுதினார். அக்காலத்துப் படங்களைப் பார்த்தால், கை விறைத்திருப்பதும் உருவங்களின் தோள்களும் கால்களும் பொருந்தாமல் நிற்பதும் எவர் கண்ணுக்கும் புலப்படும். பின்னாளில் அவர் அடைந்த நிலையை அவற்றிலிருந்து ஊகிக்க எந்தச் சோதிடனாலும் முடிந்திராது.

அதே மனிதர், 1882-இல் ஹேக் நகரில் உறவினரும் ஓவியருமான ஆன்டன் மௌவே, பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரையும்படி அதிகாரமாகச் சொன்னபோது, வீட்டுக்கு வந்ததும் அந்த வார்ப்புகளைக் கரித்தொட்டியில் எறிந்து உடைத்துவிட்டார். அந்த நட்பு குலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கோடையிலேயே, டியூரரின் சட்டத்தை நினைவில் கொண்டு, இரண்டு நீளக் கம்புகளில் பொருத்தி மணல்மேட்டில் ஊன்றக்கூடிய, நூல் கட்டிய சட்டமொன்றைச் செய்வித்து, கம்புகளுக்கு இரும்பு முனைகளைக் கொல்லனிடம் அடித்து வாங்கி, கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1886-இல் ஆன்ட்வெர்ப் கலாசாலையில் சேர்ந்தபோது அவருடைய சித்திரங்களைப் பரிசீலித்த குழு அவரை ஆரம்ப வகுப்புக்கு இறக்கவேண்டுமென்று முடிவு செய்தது. அந்த முடிவு வருமுன்பே அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய கட்டளையும் இல்லாமல் தாமாகவே வார்ப்புகளை எதிரில் வைத்து எழுதலானார். 1890-இல் ஓவேர் கிராமத்திலிருந்து தியோவிடம் மீண்டும் பார்கின் கரிக்கோல் தாள்களைக் கேட்டு வாங்கி, தம் கடைசி மாதங்களில் அவற்றைத் திரும்பவும் வரைந்தார்.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, பயிற்சி முறையில் நல்லது கெட்டது என்று தர்க்கிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று தோன்றுகிறது. மனம் உடைந்து தொடங்குகிறவனுக்குத் தேவைப்படுவது தன் பிழையைத் தானே காணும்படியான ஒரு நிலைத்த பொருள். பார்கின் தாள் அப்படிப்பட்டது, நூல் கட்டிய சட்டமும் அப்படிப்பட்டது. அவை மாணாக்கனுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. அதே தாளை ஒரு மேலதிகாரி எதிரே வைத்து, இதில் தேறினால்தான் அடுத்த அறைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால், அளவுகோலாக இருந்தது பிரம்பாக மாறிவிடுகிறது.

இந்தியாவுக்கு அந்த அளவுகோலும் பிரம்பும் சேர்ந்தே வந்தன. சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியும், கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகளும் லண்டனில் வகுத்த பாடமுறையின் நிழலில் வளர்ந்தவை. தமிழ்நாட்டில் சித்திர ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் தேர்வுகளின் பெயர்களில் அந்தப் பரம்பரை இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கு வெளியில் இருந்தவர்களுக்கோ பாடமே கிடைக்கவில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வர்ண வித்தையைக் கற்க விரும்பிய இளைஞர் ரவிவர்மாவுக்கு, அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து உதவியதாகவும் வரலாறு எழுதியவர்கள் கூறுவர். 1868-இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தாம் வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே அனுமதித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் ஓவியத்தின் நோக்கமே மாறியதும், மேல்நாட்டுப் பள்ளிகள் பல தங்கள் வார்ப்புகளை உடைத்தும் மூலையில் தள்ளியும் ஒழித்தன. பார்கின் தாள்கள் மறக்கப்பட்டு, 2003-இல்தான் மறுபடியும் நூலாக அச்சேறின. ஆனால் வரைய ஆசைப்பட்டு மனம் சோர்ந்தவர்கள் எந்தக் காலத்திலும் குறையவில்லை. 1979-இல் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை அவர்களுக்காக எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. மூளையின் வலப்பாதி, இடப்பாதி என்று அவர் சொன்ன காரணத்தை விஞ்ஞானிகள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. அவருடைய அப்பியாசம் பலித்தது மட்டும் நிஜம். ஒரு கோட்டுச் சித்திரத்தைத் தலைகீழாக வைத்து அப்படியே பார்த்து எழுதச் சொல்வார். எது மூக்கு, எது கை என்று மனத்துக்கு அடையாளம் தெரியாதபோது, கண் கோட்டை வெறும் கோடாகப் பார்த்துவிடும். தட்டையான படத்தைப் பார்த்து எழுதும் பழைய முதற்படிதான் இது. அதற்கென அவர் தேர்ந்தெடுத்தது, இசைஞர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ 1920-இல் வரைந்த சித்திரம். அந்தப் பிக்காசோவோ, ஸ்பெயின் நாட்டில் சித்திர ஆசிரியரான தந்தையின் மேற்பார்வையில் சிறுவனாகக் கற்ற காலத்தில், பார்கின் தாள்களைப் பார்த்து எழுதிப் பழகியவர்.