ஹைட்ரஜன் ஆற்றலுக்குத் துணைநின்ற தமிழர்: காரைக்குடியும் மலாயா ரப்பரும்

நீரில் மின்சாரம் பாய்ச்சினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்பது 1800-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. பிரிந்த இரண்டையும் மீண்டும் இணையச் செய்து மின்சாரம் பெறலாம் என்பதை 1839-இல் வில்லியம் குரோவ் காட்டினார். இன்று எரிபொருள்கலம் என வழங்கும் கருவியின் தொடக்கம் அதுவே. எனினும் இவ்வறிவு ஆய்வறையைவிட்டு வெளியே வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் மயாமியில் துருக்கியப் பேராசிரியர் நெஜாத் வெசிரோலு கூட்டிய மாநாட்டின் பயனாகப் பன்னாட்டு ஹைட்ரஜன் ஆற்றல் சங்கம் உருப்பெற்றது. 1976 முதல் அதன் ஆய்விதழ் வெளிவருகிறது. இத்தகைய இதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துக் குறைநிறை சொல்லும் அறிஞர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. தம் ஓய்வு நேரத்தையே ஈகின்றனர். 2003-இல் அரசுகளும் வாஷிங்டனில் கூடி ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கின. இந்தியா அதன் தொடக்க உறுப்பு நாடுகளுள் ஒன்று.

நம் நாடும் இத்துறையில் காலூன்றியுள்ளது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிபொருள்கலங்களுக்கென்றே ஒரு கழகம் இயங்குகிறது. 2019-இல் கூச்சிங் நகரில் ஹைட்ரஜன் பேருந்துகள் வந்தன. 2023-இல் ஹைட்ரஜனுக்கான தேசிய வழிகாட்டித் திட்டம் வெளியிடப்பட்டது.

பன்னாட்டு அமைப்புகள் தமக்கு உதவிய தொண்டர்களையும் வல்லுநர்களையும் பாராட்டிச் சிறப்பிப்பது முறையே. அந்தப் பட்டியல்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதே நம் வினா. ஒரு துறைக்கு ஆய்வுக்கூடம் எழுப்பியவரை விட்டுவிட்டு அத்துறையின் வரலாற்றை எழுதலாகாது என்பது நம் கருத்து. ஆய்வுக்கூடத்துக்கான செல்வம் எவர் உழைப்பில் விளைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

நீரைப் பிரிப்பதும் எரிபொருள்கலமும் மின்வேதியியலைச் சார்ந்தவை. இந்தியாவில் அவ்வியலுக்கென அமைந்த தேசிய நிறுவனம், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பெருநகரங்கள் பலவிருக்க, வறண்ட செட்டிநாட்டுக்கு அது வந்ததற்கு வள்ளல் இராம. அழகப்பச் செட்டியாரே காரணர். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில், சனவரி 14-இல், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன்பின் நான்கே ஆண்டுகள் வாழ்ந்து, 1957-இல் தம் நாற்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு முதல் நாள் அழகப்பர் மறைந்தார்.

அவருடைய தொழில்களுள் மலாயா ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. காரைக்குடிக்குச் சென்ற எந்த ரூபாய் எந்த மரத்தில் வடிந்தது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆயினும் அச்செல்வத்தில் மலாயா ரப்பருக்கும் பங்கு உண்டு என்று சொல்வதில் தவறில்லை. விடியுமுன் பால்மரக்காட்டுக்குள் நுழைந்து, உளியால் பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கொடையாளரின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது, நிற்க வேண்டியதும்கூட. வெட்டுக்காரரின் பெயரோ தோட்டத்துப் பிரட்டுப் புத்தகத்தோடு போயிற்று. சிலிம் ரிவர் வட்டாரத்தில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியபின் அந்த நினைவும் தேய்ந்து வருகிறது.

வேதியியல் ஆசிரியர்களுக்கு உகந்த செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவைப்போம். தோட்டத்து ஆலைகளில் ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்பட்டது பார்மிக் அமிலம். அதே அமிலத்தை ஹைட்ரஜனைச் சுமந்து செல்லும் திரவமாக இன்று பல நாட்டு அறிஞர்கள் ஆராய்கின்றனர். தக்க வினையூக்கி இருப்பின் அது ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். 100 கிலோகிராம் அமிலத்தில் 4 கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான ஹைட்ரஜன் அடங்கியுள்ளது. கையை எரிக்கும் அந்த நீர்மத்தை நம் முன்னோர் அன்றாடம் கையாண்டனர்.

பொருள் ஈந்தவர் அழகப்பர் என்றால், அறிவால் துணைநின்றவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் சுப்பிரமணியம் சீனிவாசன். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, அமெரிக்காவில் ஜான் பாக்ரிஸ் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்தவர் அவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எரிபொருள்கலம் பற்றி எழுதிய நூல் 1969-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் எரிபொருள்கலத்தின் பெருந்தடை பிளாட்டினம். மின்வாயின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டருக்கும் 4 மில்லிகிராம் பிளாட்டினம் தேவைப்பட்டது. விண்கலத்துக்கு அச்செலவு தகும், பேருந்துக்குத் தகாது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் சீனிவாசனின் குழு, மின்வாயின் மேற்பரப்பில் அயனி கடத்தும் பலபடிக் கரைசலைத் தோய்த்து, பிளாட்டினத் துகள்களை மேலும் திறம்பட வேலைசெய்ய வைத்தது. தேவை 0.4 மில்லிகிராமாக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1988-இல் வெளியான அக்கட்டுரையில் சீனிவாசனோடு பெயர் பொறித்தவர்களுள் பிரேசில் நாட்டு எட்சன் டிசியானெல்லியும் ஒருவர். அரசுகள் 2003-இல் ஒப்பமிடுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் ஆய்வு மேசையில் பன்னாட்டு ஒத்துழைப்பு நடந்து முடிந்திருந்தது.

சீனிவாசன் பின்னர் டெக்சாசிலும் பிரின்ஸ்டனிலும் பணியாற்றினார். தம் வாழ்நாள் அறிவையெல்லாம் திரட்டி, எரிபொருள்கலத்தின் அடிப்படை முதல் பயன்பாடு வரை மாணவர்க்கு விளக்கும் பெருநூல் ஒன்றை எழுதினார். 2004-இல் அவர் காலமானார். நூல் 2006-இல் அச்சேறியது.