தாகம் சொல்லாத நீரிழப்பு: மலையகத் தோட்டப்புற இளம் உதைபந்தாட்ட வீரர்களை முன்வைத்து

விளையாட்டு வீரரின் நீர்த்தேவை பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியவை. 2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் ஃபீஃபா அறிமுகப்படுத்திய குளிர்விப்பு இடைவேளைக்கு, ஈரப்பதத்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பச் சுட்டெண் 32 பாகையைத் தாண்ட வேண்டியிருந்தது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் உள்ள நுவரெலியாவுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அதனாலேயே மலையகப் பயிற்றுநர்களிடம் தண்ணீர் ஒரு பேச்சாக எழுவதில்லை. ஹட்டன் டன்பார் மைதானத்திலோ நோர்வூட்டிலோ இடைவேளையில் போத்தலை நீட்டினால், “வேணாம் சேர், தாகமில்ல” என்பதுதான் பதில். அந்தப் பதிலை நம்பக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மைதானத்தில் குடிக்கும் அளவை விட, மைதானத்துக்கு வரும்போது உடலில் இருக்கும் நீரே இங்கு முதன்மையானது.

உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் தாங்கி ஓடும் திறன் தளரும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007 இல் வெளியிட்ட நிலைப்பாடு. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 லீற்றர், 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 800 மில்லிலீற்றர் மட்டுமே. இந்த வேறுபாடு தோட்டப்புறத்தில் கூடுதல் கனம் பெறுகிறது. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவ 17 சதவீதம், பெருந்தோட்டத்தில் 32 சதவீதம். அன்று அந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகள்தான் இன்று பதின்வயது அணிகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்கான அளவை வேற்றுநாட்டு அட்டவணையிலிருந்து எடுக்க முடியாது. அவரவர் எடையிலிருந்தே கணிக்க வேண்டும்.

குளிரில் தாகம் ஏன் மழுங்குகிறது? தோலுக்கடியில் உள்ள குருதிக்குழாய்கள் சுருங்கி, குருதி உடலின் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. போதிய நீர் இருப்பதாக மூளை கணித்துவிடுகிறது. தாகம் தணிகிறது, சிறுநீரும் கூடலாம். 2004 இல் கெனஃபிக் குழுவினர் 4 பாகைக் குளிரில் நடத்திய சோதனையில் தாக உணர்வு 40 சதவீதம் வரை குறைந்தது. நமது மைதானங்களில் ஆட்டநேரத்தில் அத்தனை குளிர் இராது. ஆனால் மூடுபனியும் சாரலும் காற்றும் சேர்ந்த பிற்பகலில், நனைந்த சட்டையுடன் ஓடும் பையனிடம் இதே விளைவை, குறைந்த அளவிலேனும், எதிர்பார்க்கலாம். வியர்வையோ நிற்பதில்லை, தசை வேலைசெய்யும் வரை உள்ளே வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். மலையேறிகளுக்குச் சொல்லப்படும் மூச்சுவழி நீரிழப்பு இந்த உயரத்தில் சிறியது. அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

தாகமெடுத்தால் குடி, அது போதும் என்பது தென்னாப்பிரிக்க உடலியலாளர் டிம் நோக்ஸின் வாதம். அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குக் குருதியில் சோடியம் இயல்பளவுக்குக் கீழே குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கிய காரணம். மறுபுறம், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011 இல் பதின்வயதினருக்கு மணிக்கு 1 முதல் 1.5 லீற்றர் வரை என்றது. வெப்பத்தில் ஆடுவோருக்கான அந்த அளவைச் சாரல்மழையில் ஆடும் 40 கிலோப் பிள்ளைக்குக் கொடுப்பது தவறு. ஆனால் ஆட்டத்துக்கு முன்பே உடல்நீர் நன்றாக இருந்தால் இந்த அளவு போதும் என்ற நிபந்தனையையும் கழகம் சேர்த்தே சொன்னது. இரு தரப்பு விவாதத்திலும் கவனிக்கப்படாமல் போவது இந்த நிபந்தனைதான். கிரேக்க இளம் உதைபந்தாட்ட வீரர்களை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேரளவில் பயிற்சிக்கு வரும்போதே நீர்க்குறையுடன் வந்தார்கள். கையருகே தண்ணீர் இருந்தும், விருப்பப்படி குடித்து அவர்களால் அதை ஈடுசெய்ய முடியவில்லை.

தோட்டத்தில் ஆட்டத்துக்கு முந்திய பகற்பொழுது எப்படி இருக்கிறது? லயத்துக்குத் தண்ணீர் பீலியிலிருந்தோ மலையூற்றிலிருந்து இழுத்த குழாயிலிருந்தோ வருகிறது. காய்ச்சிக் குடிக்க விறகு வேண்டும். காய்ச்சாமல் குடித்தால் வயிற்றோட்டம் வரலாம், அதுவும் நீரிழப்பே. பிள்ளை ரொட்டியும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் முடித்து, மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போகிறது. அங்கே கழிப்பறை சரியில்லை என்றால், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், மாலைவரை வாயில் தண்ணீர் வைப்பதில்லை. மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கும் ஒதுங்க இடமில்லாததால் இதே பழக்கம் உண்டு. பிள்ளை அதை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. தைக்குப் பிந்திய வறட்சியில் பீலி மெலிகிறது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளும் முதலாம் தவணையில், அதே மாதங்களில்தான் வருகின்றன. களனியும் மகாவலியும் பிறக்கும் மலைகளில், காசல்ரீயும் மவுசாக்கலையும் நிரம்பிக் கிடக்கும் பள்ளத்தாக்குகளில், ஒரு பிள்ளை நாளெல்லாம் வாய் நனைக்காமல் இருப்பதை இயற்கையின் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தேத்தண்ணி உடலை வற்றச் செய்யும் என்று சில பயிற்றுநர்கள் தடுக்கிறார்கள். 2011 இல் ரக்ஸ்டனும் ஹார்ட்டும் நடத்திய ஆய்வில், நாளுக்கு 4 முதல் 6 கோப்பைக் கறுப்புத் தேநீர் உடல்நீரைப் பேணுவதில் தண்ணீருக்குச் சமமாகவே இருந்தது. ஆடுமுன் ஒரு பிளேன்டீ குடிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறையும் என்பதால் இடைவெளி விடச் சொல்வதே சரி. வழமையான ஓர் ஆட்டத்துக்கு விலைகூடிய விளையாட்டுப் பானம் தேவையில்லை, ஜீவனி என்னும் உப்புச்சர்க்கரைக் கரைசல் வயிற்றோட்டத்துக்கானது. சோறும் உப்பிட்ட கறியும் சோடியத்தைத் தந்துவிடும்.

ஆகவே பயிற்றுநருக்கு வேண்டிய கருவி ஒரு தராசு. ஆட்டத்துக்கு முன்னும், ஈரச் சட்டையைக் கழற்றித் துடைத்தபின்னும் எடை பார்க்கட்டும். எடைக்குறைவுடன் குடித்ததைக் கூட்டி, இடையில் வெளியேறிய சிறுநீரைக் கழித்தால் வியர்வையின் அளவு தெரியும். இரண்டு சதவீதத்தைத் தாண்டியவருக்கு அடுத்தமுறை கூடுதலாகக் கொடுக்கலாம். எடை கூடி வந்தவரை நிறுத்தலாம். காலைச் சிறுநீர் கடும் மஞ்சளா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளப் பழக்கலாம். அதற்கு முன் பாடசாலையில் காய்ச்சிய அல்லது வடிகட்டிய நீரும், பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும் வேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் விளையாட்டுக்கென ஒதுக்கும் பணத்தில் சீருடைக்கு முன்பாக இந்த இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.