பசுவின் விமுத்தி

அண்ணாமலையைச் சுற்றி ஓடும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை இருக்கிறது. அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில் பிரம்மன் நிறுவியது என்பது தலபுராணக் கூற்று. இந்தப் பாதையை வைத்து அருணாசல புராணம் ஒரு வேட்டைக் கதை சொல்கிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி ஒரு புனுகுப்பூனையைத் துரத்துகிறான். பூனை மலையை ஒரு சுற்றுச் சுற்றி விழுந்து உயிர்விடுகிறது. பின்னாலேயே ஓடிவந்த குதிரையும் விழுகிறது. இரண்டும் ஒளியுடம்பு பெற்று மேலே போக, குதிரைமேல் உட்கார்ந்து வந்த அரசன் மட்டும் தரையில் நிற்கிறான். தன் காலால் நடந்து சுற்றாதவனுக்குப் பலன் இல்லை என்பது கதையின் நேரான பொருள். ஆனால் புராணம் அத்தோடு நிற்பதில்லை. பூனையும் குதிரையும் உண்மையில் துருவாசர் சாபத்தால் விலங்கான வித்தியாதரர்கள் என்று சேர்த்துச் சொல்கிறது. மலையைச் சுற்றியது விலங்கு, பேறு பெற்றது விலங்கல்ல என்றாகிவிடுகிறது. திருவானைக்காவின் யானையும் சிலந்தியும் முற்பிறப்பில் சிவகணங்கள் என்று சொல்லப்படுவதும் இதே வழிதான். விலங்கின் பக்தியைக் கண்ணால் கண்ட மக்கள் அதைக் கதையாக்கினார்கள். மனிதப் பிறவிக்கே வீடுபேறு என்ற நூல்விதி குலையாமல் இருக்கச் சாபம் என்ற ஒட்டு போடப்பட்டது. இந்த ஒட்டுப் போடாமல் ஒருவர் இதே ஊரில் பேசினார் என்பதால்தான் திருவண்ணாமலையின் அண்மை வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த நூல்விதி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி தொடக்கத்திலேயே ஓர் ஏணியைச் சாத்திவைக்கிறது: உயிர்களில் மனிதப் பிறவி அரிது, அதில் ஆணாகப் பிறப்பது அரிது, அதிலும் அந்தணனாவது அரிது. இந்நூலைத் தமிழ் உரைநடையில் பெயர்த்தவர், 1899 முதல் 1916 வரை விரூபாட்சிக் குகையில் வாழ்ந்த ரமண மகரிஷி. ஆகவே அவர் பின்னாளில் சொன்னவற்றை நூலறியாதவரின் இரக்கப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. அந்த ஏணியைத் தமிழாக்கியவர் அவர். தமிழ் மரபிலும் மானிடராதல் அரிது என்ற எண்ணம் ஆழமாக வேரோடியது. எண்பத்துநான்கு லட்சம் யோனிபேதங்களைக் கடந்து மனிதனாகிறோம் என்று சைவமும் சொல்கிறது. இதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது திருவாசகத்தின் சிவபுராணத்தில் வரும் பிறவிப் பட்டியல். மாணிக்கவாசகருக்கு அடி அண்ணாமலையில் தனிக்கோயிலே உண்டு. அவர் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் படிவரிசை கலைகிறது. பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதனுக்குப் பிறகு பேய் வருகிறது. பிறந்து பிறந்து இளைத்த களைப்பே அங்கே பேசப்படுகிறது. ஏணியை அதில் ஏற்றிப் படிப்பது நாம்தான்.

அந்த ஏணி ஒரே நாளில் சாயவில்லை. முதலில் அசைந்தது நடுப்படி. ஞானம் பெற்ற பெண்ணின் உடலை என்ன செய்வது, ஆண் துறவிக்குப் போலச் சமாதி வைக்கலாமா என்ற கேள்வி ரமணரின் சீடர் காவ்யகண்ட கணபதி முனிவர் வழியாக எழுந்தது. முத்தியிலும் ஞானத்திலும் ஆண் பெண் வேற்றுமை இல்லை என்பதே ரமணரின் பதில். 1917ஆம் ஆண்டு உரையாடல்களைத் தொகுத்த ரமண கீதையில் அது பதிவாகியிருக்கிறது. 1922 மே 19 அன்று அவருடைய தாய் அழகம்மாள் இறந்தபோது அந்தப் பதில் செயலாயிற்று. ரமணர் நாள் முழுதும் ஒரு கையைத் தாயின் தலையிலும் மறு கையை மார்பிலும் வைத்து உடனிருந்தார். உடல் எரிக்கப்படவில்லை, சமாதி வைக்கப்பட்டது. இதற்கு முன் தொண்டர் பழனிசாமியின் கடைசி வேளையில் இதே முயற்சி கைகூடவில்லை என்றும், கையைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டதாகவும் ரமணரே சொல்லியிருக்கிறார். தோல்வியையும் சேர்த்துச் சொல்பவரின் பேச்சில் சோதித்துப் பார்த்தவரின் நேர்மை தெரிகிறது. 1926இல் கன்றாக வந்து ரமணரின் ஆசிரமத்தில் வளர்ந்த லட்சுமி என்ற பசு, 1948 ஜூன் 18 அன்று இறந்தது. அன்றும் அவர் அருகில் அமர்ந்து அதே போலக் கை வைத்தார். பசுவுக்குச் சமாதி எழுந்தது. பெண்ணுக்கு இல்லை என்றிருந்த படியை எடுத்த காரணமே அடுத்த படிக்கும் பொருந்தியது. உடலின் வகை முத்திக்குத் தடையில்லை என்றால், அந்த நியாயத்தைக் கொம்புக்கும் குளம்புக்கும் முன்னால் நிறுத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தது நூலாராய்ச்சியைவிட, விலங்குகளோடு கழித்த ஐம்பதாண்டுப் பழக்கம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரிக்கிறது. தமிழில் பேச வாய் திறந்தாலே மாடு ‘அது’ ஆகிவிடும். ரமணர் விலங்குகளை ‘அது’ என்று சொன்னதில்லை, ‘அவன்’, ‘அவள்’ என்றே சொன்னார். நாய்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்பதைப் பையன்கள் சாப்பிட்டார்களா என்று கேட்பார். நரசிம்ம சுவாமி எழுதி 1931இல் வெளிவந்த ரமணர் வாழ்க்கை வரலாறு இதை எழுதிவைத்திருக்கிறது. மனிதர் கைபட்ட குரங்கைக் கூட்டம் திரும்பச் சேர்க்காது என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். தலைமைக் குரங்கிடம் கடிபட்டு நொண்டியாகிக் குகையருகே விடப்பட்ட ஒரு குட்டியை ரமணர் தேற்றினார். பின்னர் கூட்டமே வந்து அவனை அழைத்துக்கொண்டது. அந்த நொண்டி ஒருநாள் கூட்டத்துக்குத் தலைவனும் ஆனான். எல்லோரும் சொல்வது ஒன்று, மலையில் நடந்தது வேறு. நம் இலக்கணத்துக்குள்ளேயே இந்தக் கீறல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆறறிவு மக்களுக்கே என்ற மரபியலுக்கு உரை எழுதும்போது, கிளி, குரங்கு, யானை போன்றவற்றிலும் அவ்வறிவு உண்டு என்று இடம்விடும் உரைமரபு இருக்கிறது. யானையையும் கிளியையும் பழக்கிய நாட்டில் உரைகாரர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்க முடியாது. 1960இல் கோம்பே காட்டுக்குப் போன ஜேன் குடால், சிம்பன்சிகளை ‘அது’ என்று திருத்திய பத்திரிகைக்கு ‘அவன்’, ‘அவள்’ என்றே மீண்டும் எழுதி அனுப்பினார். விரூபாட்சிக் குகையில் அந்தச் சொல்வழக்கு ஐம்பது ஆண்டு முந்தியது.

மறுப்புகள் வலுவானவை. மனிதப் பிறவியின் அருமையைச் சொல்வது ஊக்கமூட்டும் அர்த்தவாதம், அதை விலக்காகப் படித்தது நம் பிழை என்று நூல்வல்லார் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அப்படிச் சொன்ன கணமே சொல்லுக்குச் சொல் நம்பும் நிலை கைவிடப்பட்டுவிடுகிறது. நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் கண்கூடான அறிவுக்கு எதிராக அவை பிரமாணமாகா என்பது சங்கரரின் கீதை உரையிலேயே உள்ள நிலைப்பாடு. இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. பசு முத்தி பெற்றதை யார் பார்த்தார்? லட்சுமி ரமணரைத் தேடி வேளை தவறாமல் வந்தது வாழைப்பழத்துக்காகவும் இருக்கலாமே? முத்தியை எந்தக் கண்ணும் பார்க்காது. மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். பழக்கம் தரும் சான்று சிறியது. விலங்குக்கு நினைவுண்டு, ஆள் தெரியும், துயரம் தெரியும் என்பதுவரைதான் அது போகும். முத்தி உண்டு என்று நிறுவ அது போதாது. அறிவில்லாத உடல் ஆகவே தகுதியில்லை என்று மறுத்தவரின் காரணத்தைத் தகர்க்கப் போதும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஏணியின் உச்சிப்படி ஆசிரமத்திலேயே முழுதாகப் போய்விடவில்லை. உணவுக்கூடத்தில் பிராமணருக்குத் தனிப்பந்தி இருந்தது. பசுவுக்குச் சமாதி எழுந்த வளாகத்தில் மனிதருக்குள் அந்தப் பிரிவு நீடித்தது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் அந்தப் பந்தியால் முத்தி பற்றிய வாதம் பொய்யாகிவிடாது.

கடைசியாகப் பழைய சாபக் கதை வேறு உருவில் திரும்பி வந்தது. மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குக் கொடுத்துவந்த கீரைப்பாட்டியே லட்சுமியாகப் பிறந்தாள் என்று அன்பர்கள் பேசிக்கொண்டார்கள். எந்த உயிர் எந்தக் கணக்கைத் தீர்க்க எந்த உடலில் நம்மிடம் வருகிறதோ என்று ரமணரே சொன்னதுண்டு என்பதால் அந்தப் பேச்சுக்கு அவர் வாயிலேயே ஒரு பிடி இருந்தது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் புனுகுப்பூனை மறுபடி வித்தியாதரனாகிவிடும். ரமணரின் அன்பர் தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரை எழுதிய நாட்குறிப்பில், மனிதப் பிறவியில்தான் ஞானம் கூடும் என்பது சரியல்ல, விலங்கும் அடையலாம் என்று ரமணர் பொதுவாகவே சொன்னது இருக்கிறது. அங்கே பாட்டியின் மறுபிறவி காரணமாகக் காட்டப்படவில்லை. லட்சுமி இறந்தபின் அந்த நாளைக் குறித்து ரமணர் ஒரு செய்யுள் எழுதினார். விமுத்தி என்று அதில் வருவது மரியாதைக்குச் சொல்லும் வழக்கச் சொல்லா என்று முதலியார் கேட்டபோது, முத்தி என்றே பொருள் என்று பதில் வந்தது. சர்வதாரி ஆண்டு, ஆனி மாதம் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, வளர்பிறைத் துவாதசி, விசாகம் என்று பஞ்சாங்கக் கணக்கு முழுதும் அச்செய்யுளில் இருக்கிறது. கீரைப்பாட்டியின் பெயர் அதில் இல்லை. லட்சுமியைப் பசு என்றே அது சொல்கிறது.