கண்ணகி கோட்டம்: நம்பிக்கையும் சான்றும்

குமுளிக்கு மேலே, பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தின் அடர்ந்த காட்டுக்குள், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரமுள்ள மலைமுடியில் சிதைந்த கற்கோயில் ஒன்று நிற்கின்றது. மங்கலதேவி கோயில் என்பது அதன் பெயர். ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடக்கும் அம்மலைப் பாதை சித்திரை முழுநிலவு நாளன்று மட்டும் திறக்கப்படுகின்றது. அன்று குமுளியிலிருந்து ஜீப்புகளிலும், தமிழகத்துப் பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். தமிழ் முறையிலும் மலையாள முறையிலும் பூசை நிகழ்கின்றது. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் அதிகாரிகளும் முன்கூட்டியே கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடுகளைச் செய்கின்றனர். நம் காலனிக் குடும்பங்களிலிருந்தும் அன்பர் சிலர் தவறாது சென்று வருகின்றனர்.

அங்கு சென்று வந்தவர்களுள் பெரும்பாலோர் கூறுவது ஒன்றே: சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுப்பித்த கோட்டம் இதுவே, இதில் ஐயம் எழுப்புதல் தமிழுக்கு இழுக்கு. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று பள்ளியில் அறிவியல் பயில்கின்றனர். “கண்ணகி என்பவர் உண்மையாகவே வாழ்ந்தாரா? அந்தக் கோயில் அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்?” என்று அவர்கள் கேட்கின்றனர். “சாமி விஷயத்தில் கேள்வி கேட்காதே” என்று வாயை அடைத்துவிடுதல் எளிது. அது விடையாகாது. சான்றுகள் எவை, நம்பிக்கை எது, இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இவ்வாண்டு மலரில் ஒருவாறு ஆராய்வோம்.

காப்பியம் கூறும் வழி

மதுரையை எரியூட்டிய கண்ணகி, வையை ஆற்றின் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து நெடுவேள் குன்றம் என்னும் மலையை அடைந்து, வேங்கை மரத்து நிழலில் நின்றாள் என்பதும், கோவலன் இறந்த பதினான்காம் நாள் வானவூர்தியில் அவனுடன் விண்ணேறினாள் என்பதும் சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அதனைக் கண்ட குன்றக் குறவர், பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் சென்று கூறினர். அவன் இமயத்தினின்று கல் கொணர்ந்து, கங்கையில் நீராட்டி, பத்தினிக்குக் கோட்டம் அமைத்தான். அவ்விழாவுக்கு இலங்கைக் கயவாகு வேந்தனும் வந்திருந்தான்.

தஞ்சைக் கரந்தையைச் சார்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி நடந்த வழி இதுவெனக் கருதிய பாதையைப் புகாரிலிருந்து தாமே நடந்து ஆய்ந்து, 1963-ஆம் ஆண்டு மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்னும் கருத்தை வெளியிட்டார். ஒரு தமிழாசிரியர் நூலை மட்டும் நம்பி வீட்டில் அமர்ந்திராது, காலால் நடந்து கண்ணால் கண்டு உண்மை தேடியது போற்றத்தக்கது. அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அவர் கைக்கொண்ட முறை நமக்கு வழிகாட்டி.

சார்பான சான்றுகள்

இக்கருத்துக்கு வலுவூட்டுவன சில உள. வையையின் கரையைப் பற்றி மேற்கே செல்வோர் கம்பம் பள்ளத்தாக்கை அடைவது இயல்பு. மதுரையிலிருந்து குமுளி இன்றைய சாலை வழியே ஏறத்தாழ 135 கிலோமீட்டர். துயருற்ற பெண்ணொருத்தி பதினான்கு நாளில் நடந்து கடக்கக்கூடிய தொலைவே அது. மலையின் மறுபுறம் பெரியாறு ஓடுகின்றது. மலைகளில் பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளும் உள.

கதையின் வித்தும் பழமையானதே. நற்றிணையின் 216-ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், வேங்கை மரத்தையும் ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி என்னும் பெண்ணையும் குறிப்பிடுகின்றார். கண்ணகி என்ற பெயர் அப்பாட்டில் இல்லை. எனினும் இத்தகைய கதையொன்று தொன்றுதொட்டே மக்களிடை வழங்கிற்று என்பது தெளிவு.

தடையான சான்றுகள்

ஒரு தட்டில் மட்டும் எடை இடுவது நிறுவை ஆகாது. மற்றைத் தட்டையும் காண்போம்.

முதலாவது, பெரியாறு 244 கிலோமீட்டர் நீளமுடையது. மலையில் தோன்றி, ஆலுவாயைக் கடந்து கடலை நோக்கிச் செல்கின்றது. பெரியாற்றங்கரை என்ற ஒரு சொல்லைக் கொண்டு குமுளி மலைதான் என உறுதி கூறல் இயலாது. சேரரின் தலைநகராகிய வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்பதிலேயே அறிஞரிடை நெடுங்கால வழக்கு உண்டு.

இரண்டாவது, நெடுவேள் குன்றம் எது என்பதில் சிலப்பதிகாரத்தின் பழைய உரையாளரிடையும் ஒருமைப்பாடு இல்லை. திருச்செங்கோடு என்பது ஒரு கருத்து. கொடுங்கோளூருக்கு அயலதாகிய செங்குன்று என்பது மற்றொன்று.

மூன்றாவது, செங்குட்டுவனை நேரே பாடிய புலவர் பரணர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து அவருடையது. அப்பாடல்களுள் பத்தினிக் கோட்டம் பற்றிய செய்தி இல்லை. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பதிகத்தில்தான் கடவுட் பத்தினிக்குக் கல் கொண்ட செய்தி வருகின்றது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சேரர் மூன்று தலைமுறையினரைக் கூறுகின்றது. இரும்பொறை மரபு ஒன்று உண்மையாகவே ஆண்டது என்பதற்கு அது கல்லில் நிற்கும் சான்று. ஆனால் செங்குட்டுவன் பெயர் அதில் இல்லை.

நான்காவது, கயவாகு. வி. கனகசபைப் பிள்ளை 1904-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில நூலில், இக்கயவாகுவை இரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் கஜபாகுவெனக் கொண்டு சங்க காலத்தை வரையறுத்தார். நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றறிஞரும் அதனைத் தழுவினர். ஆனால் இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சம் கஜபாகுவின் ஆட்சியைக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டையோ சேர நாட்டுப் பயணத்தையோ கூறவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த இராஜாவலிய என்னும் சிங்கள நூலே கஜபாகு பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்ததாகக் கூறுகின்றது. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை சிலப்பதிகாரத்தையே எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதினார். இலங்கையைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர, 1984-இல் வெளிவந்த தம் பெருநூலில், கஜபாகு கதை புராணத் தன்மையது என்று வாதிட்டார். இவர்கள் கூற்றை மறுப்போரும் உளர். மறுப்போர் சான்று காட்டி மறுத்தல் வேண்டும். “தமிழ்ப் பகைவர்” என்று ஏசுதல் மறுப்பாகாது.

அகழ்ந்தெடுத்தவை பேசுவது என்ன?

பூம்புகாரில் 1960-களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அதன் மரத்தூண் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டினது எனக் கரிமக் கணக்கீடு காட்டிற்று. கொடுங்கல்லூருக்கு அண்மையிலுள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மதுரைக்கு அருகே கீழடியில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. இவை அனைத்தும் நமக்குப் பெருமை தருவன.

எனினும் இவை எதற்குச் சான்று? புகார் துறைமுகமாக இருந்தது என்பதற்குச் சான்று. கோவலன் அங்கே பிறந்தான் என்பதற்கு அன்று. கீழடி மக்கள் எழுத்தறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. கண்ணகி மதுரையை எரித்தாள் என்பதற்கு அன்று. ஜெர்மானியராகிய ஷ்லீமன் 1870-களில் துருக்கி நாட்டில் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி டிராய் நகரைக் கண்டார். நகர் இருந்தது என்று உலகம் ஏற்றது. கிரேக்கக் காப்பியம் கூறும் வீரர்களும் தேவர்களும் அங்கே நின்று போரிட்டனர் என்று அதனால் நிறுவப்படவில்லை. நகரின் மெய்ம்மை வேறு, கதைமாந்தரின் மெய்ம்மை வேறு. கணக்கு அலுவலகத்தில் ஒரு செலவுக்குரிய வவுச்சரைக் காட்டி வேறொரு செலவைப் பாஸ் செய்ய ஒண்ணாது. வரலாற்றிலும் அதுவே விதி.

ஒரு கண்ணுக்கு ஒரு நீதியா?

நம் பாலக்காட்டுச் சிற்றூரில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன் படை என்னும் விழா நிகழ்கின்றது. கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்தபோது பகவதியே துணை நின்று வெற்றி தந்தாள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. அதனைக் காணும் தமிழ் அன்பர்கள், “இதற்கு என்ன ஆதாரம்? எந்தக் கொங்கன்? எந்த ஆண்டு?” என்று வினவுவர். நியாயமான வினாக்களே. அதே அன்பர்கள் சித்திரையில் மலையேறித் திரும்பியதும் தம் கதையை அவ்வினாக்களுக்கு உட்படுத்த ஒருப்படுவதில்லை. பிறர் நம்பிக்கைக்குக் கல்வெட்டுக் கேட்பதும், நம் நம்பிக்கைக்குக் கண்ணீரே போதும் என்பதும் நடுவுநிலைமை ஆகா.

இதில் நாடு, எல்லை ஆகியவையும் கலந்துள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அந்த வருத்தம் இன்னும் பலர் நெஞ்சில் உண்டு. கோயில் எம் எல்லைக்குள் என்று இரு மாநிலத்தாரும் நில அளவை வரைபடங்களைக் காட்டி வாதாடி வருகின்றனர். அது நில அளவையால் முடிய வேண்டிய வழக்கு. தெய்வத்தின் பெயரால் முழக்கமிட்டு அதனை முடிக்க முற்பட்டால், மறுபுறத்தாரும் அவ்வாறே செய்வர். இங்கே அண்டை வீட்டாராக வாழும் நாமும் நம் பிள்ளைகளுமே அதன் பயனை நுகர வேண்டிவரும்.

நம்பிக்கையின் இடம்

அப்படியாயின் நம்பிக்கை வீணா? அன்று. மட்டக்களப்புத் தமிழர் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு செய்கின்றனர். சிங்கள பௌத்தர் அவளையே பத்தினி தெய்வமென வணங்குகின்றனர். கொடுங்கல்லூர்ப் பகவதியும் ஆற்றுக்கால் பகவதியும் கண்ணகியே என்று மலையாள நாட்டில் எண்ணற்றோர் நம்புகின்றனர். வரலாறு ஒரு நிகழ்ச்சிக்கு ஓரிடம்தான் தரும். நம்பிக்கைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அது ஒரே தாயைப் பத்து ஊரில் குடியேற்றும். கொலையுண்ட கணவனுக்காக அரசனை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணை இரு நாடுகளும் மூன்று மொழியினரும் வணங்குகின்றனர் என்பது மெய். அதற்குக் கல்வெட்டு வேண்டுவதில்லை.

ஆகவே மங்கலதேவி மலையில் விளக்கேற்றி வணங்குவோர் வணங்குக. அது அவரவர் உள்ளத்து உரிமை. “செங்குட்டுவன் கட்டியது இதுவே” என்று கூறும் அக்கணம் அவர் நம்பிக்கையை விட்டு வரலாற்றின் மன்றுக்குள் நுழைகின்றார். அங்கே சான்று கேட்கப்படும். இன்று கிடைக்கும் சான்றுகளை நடுநிலையில் நிறுத்தால், அக்கோயில் கண்ணகி கோட்டமாக இருக்கக்கூடும் என்று கூறலாம். ஐயமற நிறுவப்பட்டது என்று கூறல் இயலாது. நாளை மண்ணுக்கடியிலிருந்து ஒரு கல் வெளிப்பட்டு இதனை உறுதி செய்தால் மகிழ்வோம். மறுத்தால் அதனையும் ஏற்போம்.

சிலம்பு கற்பிக்கும் முறை

இவ்வாறு கூறுவது கண்ணகிக்கு இழிவென்று கருதும் அன்பர்கள் வழக்குரை காதையை நினைவு கூர்க. பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை ஆராயாது நம்பினான். சிலம்பைப் பார்க்கவில்லை, கோவலனை வினவவில்லை, காவலரை ஏவினான். ஓர் உயிர் போயிற்று.

கண்ணகி அரசவையில் செய்தது யாது? என்னை நம்பு என்று மட்டும் அவள் கூறவில்லை. தெய்வத்தைச் சான்றாக அழைத்து அவையை மயக்கவும் இல்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் கூறினான். சிலம்பு உடைக்கப்பட்டது. மாணிக்கம் தெறித்தது. அரசன் அதனைக் கண்டான், தன் தவற்றை ஏற்றான், உயிர் துறந்தான். மதுரை எரிந்தது அதற்குப் பின்னரே. அவள் வழக்கை வென்றது தீயால் அன்று, சான்றால்.

ஆராயாத நம்பிக்கை ஓர் உயிரைக் கொன்றது என்பதும், உடைத்துக் காட்டிய சான்று ஓர் அரசனை நீதிக்குப் பணிய வைத்தது என்பதும் அக்காப்பியத்தின் நடுநாயகமான செய்தி. அத்தகைய தெய்வத்தை வணங்குவோர் ஆராய்ச்சிக்கு அஞ்சலாமா? நம் வீட்டுச் சிறுவன் “எப்படித் தெரியும்?” என்று கேட்கும்போது அவன் கண்ணகியின் எதிரி அல்லன். பாண்டியன் கேட்கத் தவறிய கேள்வியைத்தான் அவன் கேட்கின்றான். அவனுக்கு அறிந்ததை அறிந்தவாறும், ஐயமானதை ஐயமென்றும் எடுத்துக் கூறுவோம். வரும் சித்திரையில் அவனையும் உடன் அழைத்துக்கொண்டு மலையேறுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!