துப்பாக்கியின் நீலம்: ஒரு லூகரும் ஒரு பாக்குவெட்டியும்

போன மாதம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். சாப்பாட்டு மேஜை, அதன்மேல் பழைய துண்டு, துண்டின்மேல் ஒரு பிஸ்டல். பக்கத்தில் சின்ன பாட்டில் ஒன்று, எஃகு நார், நைஸ் சாண்ட்பேப்பர். "தாத்தாவோடது. அப்பாவுக்கு 80 வயசு ஆகுது, பிறந்தநாளுக்கு இதைப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுக்கப்போறேன். நீதான் பழைய சாமான் ஆராய்ச்சி பண்றவனாச்சே, சனிக்கிழமை வாயேன்."

சாண்ட்பேப்பரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே" என்று பதில் போட்டுவிட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அப்படிச் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

துப்பாக்கி என்றால் கருநீலமாகப் பளபளக்கும் என்று சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் இல்லை, முலாமும் இல்லை. துருதான். அதாவது துருவின் நல்ல தம்பி. இரும்பு ஈரக்காற்றில் துருப்பிடித்தால் வருவது செந்துரு. அது இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி பிடிக்கும். அதே இரும்பும் ஆக்சிஜனும் வேறு விகிதத்தில் சேர்ந்தால் மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடு. இது உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கருப்பை வேண்டுமென்றே வரவழைப்பதற்குப் பெயர்தான் புளூயிங். தடிமன் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் அளவு. அதனால் தனியாக நின்று பெரிதாக ஒன்றும் காப்பாற்றாது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த எண்ணெய்தான் காப்பாற்றும். வீட்டில் இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவோமே, கிட்டத்தட்ட அந்த எண்ணம். வேதியியல் வேறு, ஆனால் "எண்ணெய் காட்டாமல் வைக்காதே" என்று அம்மா சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தக் கருப்பை வரவழைக்க ஒரு வழி வெறும் சூடு. பளபளப்பாகத் தீட்டிய எஃகைக் காற்றில் சூடாக்கினால் 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 பக்கத்தில் நீலம். பழைய கடிகாரங்களின் நீல ஸ்க்ரூக்கள் இப்படி வந்தவை. இன்னொரு வழி பொறுமைசாலிகளுடையது. உப்புக் கரைசல் தடவி, ஈர அறையில் மணிக்கணக்காக வைத்துத் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். செந்துரு கருப்பாக மாறும். மேலே நிற்கும் தூளை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பல சுற்று, நாள்கணக்கில். மூன்றாவது, அவசரக்காரர்களின் வழி: காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்பையும் தண்ணீரில் கரைத்து 140 டிகிரி வாக்கில் கொதிக்கவிட்டு அதற்குள் முக்கி எடுப்பது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தத் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் எரிமலை மாதிரி வெடித்துத் தெறிக்கும். அலுமினியத்தைத் தின்றுவிடும். ஈயப் பற்றையும் விட்டுவைக்காது. அதனால்தான் இரண்டு குழலை ஈயப்பற்று வைத்து ஒட்டிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இன்றைக்கும் அந்தப் பழைய துருமுறைதான்.

நண்பனின் பாட்டிலில் இருந்தது இந்த மூன்றும் இல்லை. அது கோல்ட் புளூ. செலினியமும் தாமிர உப்பும் கலந்த அமிலக் கரைசல். தடவினால் கருப்பாகும், உண்மைதான். ஆனால் அந்தக் கருப்பு மேக்னடைட் இல்லை, மேலே படிந்த வேறு ஒரு பூச்சு. சீக்கிரம் தேய்ந்துவிடும். கை உறையும் காற்றோட்டமும் இல்லாமல், அதுவும் சாப்பாட்டு மேஜையில், திறக்கக்கூடாத சமாச்சாரம்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். அது ஒரு லூகர். ஜெர்மானியக் கடற்படை 1904-லும் தரைப்படை 1908-லும் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. முழங்கால் மடங்குவது போல மேலே மடங்கி எழும் பூட்டு. உலகப்போர்ப் படம் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். நண்பனின் தாத்தா 1945-ல் ஜெர்மனியில் சரணடைந்த ஒருவரிடமிருந்து எடுத்து வந்தாராம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறைக்கு மேலே 1936, பூட்டின்மேல் எஸ்/42. முதல் உலகப்போரில் தோற்றபிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் படையை ஒரு லட்சம் பேருக்குள் கட்டிப்போட்டிருந்தது. ஆயுதம் யார் செய்கிறார்கள் என்பதை மறைக்க ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசர் தொழிற்சாலைக்கு வைத்த சங்கேதம்தான் எஸ்/42. வருடத்தையும் மறைத்தார்கள், 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று ஓர் எழுத்து மட்டும். 1935 மார்ச்சில் ஹிட்லர் ஒப்பந்தத்தை வெளிப்படையாகவே தூக்கிப் போட்டார். 1936-ல் நான்கு இலக்கமும் கூச்சமில்லாமல் வந்துவிட்டன.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது நிறம். 1937 வரை மௌசர் அந்தப் பொறுமைசாலி முறையில்தான் லூகருக்கு நிறம் ஏற்றியது. விசை, சேஃப்டி நெம்புகோல் போன்ற சில சின்ன பாகங்களை மட்டும் சூடாக்கி வைக்கோல் மஞ்சளில் விட்டுவிடுவார்கள். கருநீல உடம்பில் மஞ்சள் விசை, பார்க்க அழகு. 1937-ல் உப்புத்தொட்டிக்கு மாறினார்கள். படை பெருகுகிறது, நாள்கணக்கில் துருப்பிடிக்கக் காத்திருக்க யாருக்கு நேரம்? சின்ன பாகங்களும் கருப்பாகிவிட்டன, மஞ்சள் போயே போய்விட்டது. ஒரு நாடு போருக்கு அவசரப்பட்டதை ஒரு விசையின் நிறத்தில் பார்க்கலாம்.

அதனால் 1936 லூகர் என்றால் விசை மஞ்சளாக இருக்க வேண்டும். போட்டோவில் கருப்பாக இருந்தது. வெளிச்சம் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனேன். முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. லூகரில் இதற்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். விசை இழுத்ததும் ஊசியை விடுவிக்கும் பாகம் கைப்பிடியில் இல்லை, மேல்பாதியின் பக்கவாட்டில் இருக்கிறது. அறைக்குள் தோட்டாவோடு மேல்பாதியைத் தனியாகக் கழற்றினால், கைப்பிடியும் விசையும் இல்லாமலே அது வெடிக்கக்கூடும். இதைச் சொன்னதும் நண்பன் கையை எடுத்துவிட்டான். தோட்டா உள்ளே இருந்தால் பூட்டின்மேல் ஒரு பாகம் சற்றே எழும்பி நிற்கும்; அதன் பக்கத்தில் 'கெலாடன்', நிரப்பியது, என்று எழுதியிருக்கும். அது மட்டும் போதாது என்று பூட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்தோம். காலி.

கழற்றுவது சுலபம். குழலைப் பின்னால் அழுத்தி, நெம்புகோலைத் திருப்பினால் பக்கத்தகடு கையோடு வரும், மேல்பாதி முன்பக்கமாக நழுவும். ஒரு கருவியும் தேவையில்லை. சின்ன பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருந்தார்கள். எல்லாம் பொருந்தின, தோட்டா செருகும் மேகஸின் மட்டும் வேறு எண். நம்ம பாஷையில் சொன்னால் எல்லா ஃபைலும் ஒரே பில்டில் வந்தவை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விசை கருப்பேதான். வலப்பக்கம் இருந்த கழுகு முத்திரைகளின் ஓரம் கூர்மையாக இல்லை, சோப்பில் எழுதியது மாதிரி மழுங்கியிருந்தது. கைப்பிடிக்குக் கீழே பழைய துருக்குழிகள். குழிக்கு உள்ளேயும் அதே கருப்பு. துரு முதலில் வந்திருக்கிறது, கருப்பு அப்புறம் ஏறியிருக்கிறது. தொழிற்சாலையில் இப்படி நடக்க வழியில்லை.

யாரோ முன்னாடியே தீட்டி, முக்கி எடுத்துவிட்டார்கள்.

நான் அவனுக்குச் சொல்ல வைத்திருந்த பிரசங்கம் முழுக்க வீணாகிவிட்டது. அசல் நிறம் போனால் சேகரிப்பவர்களிடம் விலை பாதிக்கும் கீழே போகும், தேய்மானமும் ஒரு ஆவணம், இப்படியெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். இப்போது காப்பாற்ற அசல் என்று எதுவும் இல்லை. "அப்போ நான் தடவலாம்தானே?" என்றான். லாஜிக் சரிதான், பதில் சொல்ல முடியவில்லை.

அவன் அப்பாவுக்கு போன் போட்டான். ஆச்சரியத்தைக் கெடுக்காமல் சும்மா விசாரிப்பது மாதிரி. அவர் சிரித்தாராம். 1960-களில் ஒரு வருடம் வீட்டின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து, பெட்டியோடு அது நாலு நாள் தண்ணீரில் கிடந்ததாம். தாத்தா அதைத் துண்டில் சுற்றி ஊரில் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் எடுத்துப்போனார், கூடப்போன பையன் இவர்தான். அந்தக் கடையில் தொட்டி கொதித்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறதாம்.

லூகர் வரலாற்றிலேயே இதற்கு முன்னோடி உண்டு. முதல் உலகப்போர்த் துப்பாக்கிகள் பலவற்றில் 1917-க்கு மேலே 1920 என்றும் அடித்திருப்பார்கள். சிறுத்துப்போன ஜெர்மன் படையின் சொத்து என்பதற்கு அடையாளம். அவற்றில் பல படைக்கலச் சாலைகளில் பழுதுபார்த்து மறுபடி நிறம் ஏற்றப்பட்டவை. சேகரிப்பவர்கள் அதை 'வரலாறு' என்கிறார்கள். 1960-களில் ஒரு சின்ன ஊர்க் கடையில் நடந்ததை 'கெடுத்துட்டாங்க' என்கிறார்கள். எனக்கு இந்த வித்தியாசம் இன்னும் முழுசாகப் புரியவில்லை.

இப்போது அந்த சாண்ட்பேப்பர் கதை. இருபது வருடத்துக்கு முன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கர்வத்தில், எங்கள் ஆச்சியின் இரும்பு பாக்குவெட்டியை எலுமிச்சையும் உப்பும் போட்டு ஊறவைத்து, சாண்ட்பேப்பரால் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். கன்னங்கரேலென்று, கைபட்ட இடம் வழுவழுவென்று இருந்த சாமான். ஆச்சி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வெச்சிருந்ததுடா இது" என்றார். அவ்வளவுதான். அந்த மழைக்காலத்திலேயே முழுக்கச் செந்துரு.

இதை நண்பனிடம் சொல்லவில்லை. அவனே பாட்டிலை மூடி அட்டைப்பெட்டியில் வைத்தான். இருவரும் பாகம் பாகமாகப் பழைய எண்ணெயை வழித்து, புது எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். அதற்கே மூன்று மணி நேரம். மாட்டும்போது பக்கத்தகட்டைத் தலைகீழாக வைத்துத் திண்டாடியது நான்தான். பிறந்தநாள் அடுத்த ஞாயிறு. வெள்ளம் வந்த வருடம் எது என்று அன்றைக்கு அவரிடம் கேட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.