அடிகுழாயின் சரித்திரம்

அரசர் குளம் வெட்டினால் அதற்குக் கல்வெட்டு உண்டு. அடிகுழாய்க்கு ஏது கல்வெட்டு? ஆனாலும் அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1966-ல் பீகாரில் மழை பொய்த்தது. அடுத்த வருஷம் பஞ்சம். கிணறுகள் வறண்டன. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெஃப், கடும் பாறையையும் துளைக்கும் யந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. அதன் பிறகு கருங்கல் பூமியான ஊர்களிலெல்லாம் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. அவற்றின் தலையில் வார்ப்பிரும்புப் பம்புகள் உட்கார்ந்தன.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தப் பம்பு மேல்நாட்டுப் பண்ணை வீட்டுப் பம்பின் நகல். அங்கே ஒரு குடும்பம் நாளைக்குச் சில வாளி இறைக்கும். இங்கேயோ விடியுமுன் தொடங்கி இருட்டும் வரை ஊரே வரிசையில் நிற்கும். பாவம், அது என்ன செய்யும்? 1974-ல் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை.

காகிதத்தில் அந்த ஊர்களுக்கெல்லாம் குடிநீர் வந்துவிட்டது. ஆனால் பம்பு நின்ற மறுநாள் பெண்கள் குடத்துடன் பழைய குட்டைக்கே போனார்கள். மாடு குளித்த தண்ணீரும் வாந்திபேதியும் திரும்பி வந்தன. வேடிக்கை என்று சொன்னேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பரிகாரம் பெரிய ஆராய்ச்சிசாலையில் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கத்து மிஷன் பட்டறைகளில் எஃகுப் பம்பு ஒன்று உருவாகியிருந்தது. அதில் கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் ஒரு சங்கிலி இணைத்தது. அதையே திருத்தி 'இந்தியா மார்க்-2' செய்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்ஸன் அண்ட் குருடாஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. யாரும் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. பரீட்சை நடந்த இடம், தண்ணீர் வெகு ஆழத்தில் கிடந்த கோயம்புத்தூர்ப் பக்கம். பரீட்சகர்கள், தினமும் குடம் கொண்டுவந்த நம் பெண்கள்தாம்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் நின்றதும் அதுவே. கைப்பிடியில் தொங்கி, உடம்பின் பாரத்தாலேயே தண்ணீர் இறைத்தவன் நான். ஆனால் அடியில் ஒரு தோல் வாஷர் தேய்ந்தால் போதும், குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். அதற்கு ஆட்களும் வண்டியும் வர வேண்டும். ஒரு சித்திரை மாதம் முழுவதும் அது ஊமையாக நின்றது. வண்டி எப்போது வரும் என்று அம்மா யாரைக் கேட்பாள்?

1980-களில் மறுபடியும் கோயம்புத்தூரிலேயே சோதித்து, குழாயை எடுக்காமலே உள்ளிருப்பதைக் கழற்றும்படி 'மார்க்-3' செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா ஜில்லாவில், எழுத்தறியாத ஏழைப் பெண்கள் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தங்கள் ஊர்ப் பம்புகளைத் தாங்களே பழுது பார்த்தார்கள்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் போட்டது. சந்தோஷம்தான். ஆனால் பாறையைத் துளைப்பது ஒரு நாள் வேலை. நாளைக்கும் தண்ணீர் வரும்படி பார்த்துக்கொள்வது என்றைக்குமான வேலை. அந்த வேலையைக் குடம் சுமந்தவளிடம் நம்பிக் கொடுக்க நமக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.